மருந்துக்கு அடங்காத புல்: களையெடுப்பின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

'களை' என்று எந்தச் செடிக்கும் பெயர் கிடையாது. தாவரவியல் நூல்களில் அப்படியொரு குடும்பமோ பேரினமோ இல்லை. களைதல் என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர் அது. பிடுங்கப்படுவதால் மட்டுமே ஒன்று களை ஆகிறது. பிடுங்குகிற கை இல்லாத இடத்தில் அதுவே புல், கீரை, மாட்டுத் தீனி, வைத்தியர் வீட்டுச் சரக்கு. அழுக்கென்று தனியாக ஒரு பொருள் இல்லை, தன் இடத்தில் இல்லாத பொருளையே அழுக்கென்கிறோம் என்ற பொருள்பட மேரி டக்ளஸ் 1966இல் வைத்த வாதம் வயலுக்கும் பொருந்துகிறது. மானாவாரிக் கொல்லையில் விதைத்த குதிரைவாலி தானியம். அந்தக் குதிரைவாலிக்கு மூதாதையான காட்டுப்புல் நெல்லுக்குள் நின்றால் களை. (திருவிழா 'களைகட்டுகிறது' என்கிறோமே, அது வேறு களை. குறளில் 'கட்டல்' என்றால் பிடுங்குதல். ஒலி ஒன்று, பொருள் நேர் எதிர். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இப்படிச் சில அற்பச் சந்தோஷங்கள்.)

இந்தச் சொல்லை அதிகாரம் ரொம்ப காலத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. கொடியவரைக் கொன்று ஒறுக்கும் வேந்தனைக் களை பிடுங்கும் உழவனுக்கு ஒப்பிடும் குறள் செங்கோன்மை அதிகாரத்தில் இருப்பது எதேச்சையானதல்ல. இன்றைக்கும் கட்சிகளில் 'களையெடுப்பு' நடக்கிறது. காவல்துறை ரவுடிகளைக் 'களையெடுக்கிறது'. இந்த உவமைகள் எல்லாமே பிடுங்குகிறவன் பக்கம் நின்று பேசுபவை. களையின் பக்கம் நிற்கிற பழைய பிரதி என்று நான் எடுத்துக்காட்டுவது குறுந்தொகையின் 309ஆம் பாட்டை. வயலில் வேலை செய்கிறவர்கள் நெய்தலைப் பறித்து வரப்பில் வாடப் போடுகிறார்கள். அது கோபித்துக்கொண்டு வேறு நிலம் தேடிப் போவதில்லை. விரட்டப்பட்ட அதே வயலில் திரும்பவும் பூக்கிறது. பரத்தையிடம் போய்வந்த தலைவனுக்குத் தலைவி தரப்பிலிருந்து சொல்லப்படும் உவமை இது. வகுப்பில் எங்களுக்கு இதைப் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். வயலில் இறங்கிக் குனிந்தவர்களிடம் கேட்டால் பொறுமை என்று சொல்வார்களா, பிடிவாதம் என்று சொல்வார்களா என்பது வேறு விஷயம்.

இந்தக் கட்டுரை அந்தப் பிடிவாதத்தைப் பற்றியது. 1990களில் ஹரியானாவின் கோதுமை வயல்களில் களைக்கொல்லிக்குச் சாகாத ஒரு புல் கிளம்பியது. அந்தக் கதையைப் புதுக்கோட்டை மாவட்டத்து நெல் வயலிலிருந்து வாசித்துப் பார்க்கிறேன். விஞ்ஞானிகள் இதை 'எதிர்ப்புத்திறன்' என்கிறார்கள். வேதியியலும் மரபியலுமாக விளக்குகிறார்கள். விளக்கம் சரிதான். ஆனால் அந்த விளக்கத்துக்குள் களையெடுத்த பொம்பளை இல்லை. அவளையும் சேர்த்து எழுதினால் இது கூலியின் வரலாறாகவும் ஆகிவிடும்.

முதலில் நடவு. நெல்லை நாற்றங்காலில் விட்டு, பறித்து, சேற்றில் நடுவதை ஏதோ நெல்லின் இயல்பு என்பதுபோல் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது களைக்கு எதிரான ஓர் ஏற்பாடு. இருபத்தைந்து நாள் வளர்ந்த நாற்று வயலுக்குள் போகும்போது களை விதை இன்னும் கண் திறந்திருக்காது. கட்டி நிற்கிற தண்ணீர் பல புல் விதைகளை முளைக்கவிடாது. நெட்டையான பழைய ரகங்கள் ஓங்கி வளர்ந்து நிழலைப் போட்டு மீதியை அமுக்கும். அதற்கும் தப்பி வருவதைக் கை பிடுங்கும்: நட்ட 15ஆம் நாள் வாக்கில் ஒரு களை, 35ஆம் நாள் வாக்கில் இன்னொரு களை. இந்தக் கணக்கில் கடைசியாக வருகிற 'கை' பெரும்பாலும் பெண்ணின் கை. அதிலும் பெரும்பாலும் தலித் பெண்ணின் கை.

கை என்று சொன்னாலும் வேலை செய்வது கண். நெல்லும் அதனுள் நிற்கிற குதிரைவாலிப் புல்லும் இளசில் ஒரே மாதிரி இருக்கும். வரப்பில் நிற்கிற எனக்கு எல்லாம் பச்சை. அறந்தாங்கிக்குக் கிழக்கே, கல்லணைக் கால்வாயின் கடைமடையில் நாற்பது வருஷம் களையெடுத்த என் அப்பத்தா வேகத்தைக் குறைக்காமலே பிரித்துப் பிடுங்கிப் போடும். "தூருல செவப்பு ஓடும், தோகை நடுவுல வெள்ளக்கோடு தெரியும், பாத்தா தெரியாதாக்கும்?" என்று கேட்கும். புத்தகத்தில் இதற்கு இன்னொரு அடையாளம் சொல்லியிருக்கிறது: நெல்லில் இலையும் தண்டும் சேருமிடத்தில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும், இந்தப் புல்லில் அது இல்லை. அப்பத்தாவுக்கு அந்தச் சவ்வின் பெயர் தெரியாது. அது இருக்கும் இடம் தெரியும்.

ஆனால் ஏன் இவ்வளவு ஒத்துப்போகிறது? அது தற்செயல் இல்லை. நெல்லிலிருந்து வித்தியாசமாகத் தெரிகிற புல்லை ஒவ்வொரு போகமும் கை பிடுங்கி எறிகிறது. நெல்லைப் போலத் தெரிகிறது தப்புகிறது, விதை போடுகிறது. பல நூறு தலைமுறை இப்படியே போனால் களை நெல்லின் சாயலை எடுத்துக்கொள்ளும். சீனாவின் யாங்சி சமவெளி நெல் வயல்களில் இந்தப் புல் நெல்லின் சாயலைப் பெற்றது ஏறத்தாழ ஆயிரம் வருஷத்துக்கு முன் என்று மரபணுக்களை ஒப்பிட்டு 2019இல் சீன ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதாவது களை மனிதக் கண்ணை 'வாசித்து', அதற்கேற்பத் தன்னைத் திருத்தி எழுதிக்கொண்டது. இதில் புல்லுக்கு நோக்கம் என்று எதுவும் கிடையாது. பிடுங்குவதே தேர்வாக ஆகிவிட்டது. இந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்புத்திறன் என்பது மருந்து வந்தபிறகு வந்தது என்ற எண்ணம் இங்கேயே ஆட்டம் காண்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு: புல் புதிய வேஷம் போட்டால் கண்ணும் புதிதாகக் கற்றுக்கொள்ளும்.

பிடுங்கினதெல்லாம் குப்பையும் இல்லை. கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி, ஆரைக்கீரை எல்லாம் மடியில் வரும். புல்லுக்கட்டு மாட்டுக்கு. ராத்திரிக் குழம்பும் வீட்டுப் பசுவின் தீனியும் களையெடுக்கப் போனால் சேர்ந்தே வரும். கூலியாக எழுதப்படாத கூலி இது. புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் கிடைத்த கல்வெட்டுகளைத் தொகுத்து 1929இல் வெளியிட்டது. ஏரியும் மடையும் நெல்லும் இறையும் அவற்றில் நிறைய வருகின்றன. குமிழி வைத்தவன் பெயர் கல்லில் நிற்கிறது. அந்த மடைத் தண்ணீரில் குனிந்து நின்றவளின் கணக்கு கல்லில் ஏறவில்லை. வரி விதிக்க முடியாத உழைப்புக்கு ஆவணம் எதற்கு!

மருந்தின் வரலாறு குறுகியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு 1940களின் பிற்பாதியில் 2,4-டி சந்தைக்கு வந்தது. பத்து வருஷம் போலத்தான் ஆகியிருக்கும். 1957இல் கனடாவின் ஒன்டாரியோவில் அதற்குச் சாகாத காட்டு கேரட் பதிவானது. கனடாவின் மேற்குப் புல்வெளி மாகாணங்களில் ஒரு குடும்பம் ஆயிரக்கணக்கான ஏக்கரில் கோதுமை போடுகிறது. கையால் களையெடுப்பது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. மருந்து ஒன்றுதான் கை. மனிடோபாவில் 1988இல் ட்ரைஃப்ளுராலின் என்ற மருந்துக்கு அடங்காத ஒரு புல் கண்டுபிடிக்கப்பட்டது. அது வேறொன்றுமில்லை, தினையின் காட்டு மூதாதை. நாம் குறிஞ்சித்திணையில் கிளி ஓட்டிக் காப்பாற்றிய பயிரின் பாட்டி அங்கே விரோதி. 2011இல் ஆல்பர்ட்டாவின் தெற்கில் கிளைஃபோசேட்டுக்குச் சாகாத கோகியா வந்தது. அது காய்ந்ததும் அடியோடு ஒடிந்து, காற்றில் உருண்டு உருண்டு மைல் கணக்கில் விதையைத் தூவிக்கொண்டே போகும். ஒருவன் வயலில் பிறந்த எதிர்ப்பு அடுத்தவன் வேலியை மதிப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் ரைபுல்லின் எதிர்ப்பு முற்றிப்போய், மருந்தை மட்டும் நம்பி இனிப் பயனில்லை என்று, அறுவடை இயந்திரத்தின் பின்னாலேயே களை விதையை நசுக்கிப் பொடியாக்கும் சாதனத்தை ஒரு விவசாயி வடிவமைத்தார்.

நம்மூரில் இதற்கு என்ன பெயர் என்பதையும் கொஞ்சம் யோசிக்கவேண்டும். 'களைக்கொல்லி' என்பது வேளாண்மைத்துறையின் தமிழ். வயலில் அது 'மருந்து'. களை மருந்து, பூச்சி மருந்து. கொல்வதற்கு வாங்குகிற ஒன்றை நோய் தீர்க்கும் சொல்லால் அழைக்கிறோம்; "மருந்தைக் குடிச்சிட்டா" என்றால் யாருக்கும் அர்த்தம் மாறிப் புரிவதில்லை. கிரேக்கத்தில் ஒரே சொல் மருந்தையும் நஞ்சையும் குறிப்பதை வைத்து தெரிதா பிளேட்டோவை வாசித்தார். அதற்கு பிளேட்டோ வரை போகவேண்டாம், ஆலங்குடி உரக்கடை வரை போனால் போதும். மருந்து என்று சொல்லிவிட்டபின் வயல் நோயாளி ஆகிவிடுகிறது. நோயாளி கேள்வி கேட்பதில்லை. கடைக்காரர் எழுதித் தருகிறார், விவசாயி வாங்கிப் போகிறார்.

இனி ஹரியானா. பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமைக்குள் வெளிச்சம் தாராளமாக இறங்கியது. உரமும் தண்ணீரும் தாராளம். அதில் செழித்த ஒரு புல்லை அங்கே 'குல்லி டண்டா' என்றும் 'மண்டூசி' என்றும் சொல்கிறார்கள். தாவரப் பெயர் ஃபலாரிஸ் மைனர். மெக்சிகோ கோதுமையோடு கப்பலில் வந்ததாக ஒரு கதை ஊரெல்லாம் உண்டு. ஆனால் பிரிட்டிஷ் காலத்துத் தாவர நூல்களிலேயே அது பதிவாகிவிட்டது. புல் பழையது, அதற்குக் கிடைத்த வாழ்வு புதியது. இதுவும் கதிர் வரும்வரை கோதுமையைப் போலவே இருக்கும். கோதுமை அறுப்புக்கு முன்பே விதையை உதிர்த்துவிடும்.

1970களின் கடைசியில் ஐசோபுரோட்டூரான் என்ற மருந்து வந்தது. மலிவு, நன்றாகவும் வேலை செய்தது. விசைத்தெளிப்பான் இல்லாதவர்கள் மணலோடும் யூரியாவோடும் கலந்து கையால் வீசினார்கள். ஓரிடத்தில் அதிகம், ஓரிடத்தில் அரைகுறை. கோடையில் நெல், குளிரில் கோதுமை, மறுபடி நெல், மறுபடி கோதுமை. கோதுமைக்கு ஒவ்வொரு வருஷமும் அதே மருந்து. பத்துப் பதினைந்து வருஷம் இப்படியே. 1990களின் தொடக்கத்தில் கர்னால், கைதல், குருக்ஷேத்திரா பகுதிகளில் மருந்தடித்த வயலில் புல் சாகாமல் நின்றது. மருந்து கலப்படம் என்றுதான் விவசாயிகள் முதலில் சந்தேகப்பட்டார்கள். கலப்படமும் நம் நாட்டில் இல்லாத ஒன்றில்லையே. ஹிசாரில் இருக்கிற ஹரியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆர். கே. மாலிக், சமுந்தர் சிங் இருவரும் இது எதிர்ப்புத்திறன்தான் என்று நிறுவினார்கள். 1995இல் அவர்களது விரிவான கட்டுரை வந்தது. அதற்குள் பல லட்சம் எக்டேர் பாதிக்கப்பட்டிருந்தது. புல் கோதுமையை அமுக்கிவிட்ட வயல்களில் கதிர் முற்றும்வரை காத்திருக்காமல் பச்சையாக அறுத்து மாட்டுக்குப் போட்டவர்கள் உண்டு. பசுமைப் புரட்சியின் தலைவாசலில் கோதுமை தீவனமானது.

மருந்து எதிர்ப்பை உண்டாக்குவதில்லை. பல லட்சம் புற்களில் எங்கோ ஒன்றிரண்டுக்குப் பிறவியிலேயே அந்தத் தன்மை இருக்கும். மருந்து மற்றவற்றைச் சாகடித்து அதற்கு இடத்தை ஒழித்துத் தருகிறது, அவ்வளவுதான். ஆனால் இந்தப் புல் எப்படித் தப்பியது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. ஐசோபுரோட்டூரான் ஒளிச்சேர்க்கையை நிறுத்திக் கொல்கிற மருந்து. கோதுமையின் மேலும் அது விழத்தான் செய்கிறது. கோதுமை சாகாததற்குக் காரணம், தன் நொதிகளால் அந்த மருந்தைச் சிதைத்துச் செரித்துவிடுவதுதான். எதிர்ப்புப் பெற்ற புல்லும் அதையே செய்தது. அதாவது புல் கோதுமையின் செரிமானத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. கையும் கண்ணும் ஆண்ட காலத்தில் களை பயிரின் உருவத்தைப் போலிசெய்தது. வேதியியல் ஆளும் காலத்தில் பயிரின் உள்ளுறுப்பைப் போலிசெய்கிறது. மருந்து பயிருக்கும் களைக்கும் இடையில் எந்த வேறுபாட்டை நம்பி வேலை செய்கிறதோ, அந்த வேறுபாட்டையே களை அழித்துவிடுகிறது.

பிறகு நடந்தவை வேகமானவை. 1997-98 வாக்கில் குளோடினாஃபாப், ஃபினாக்ஸாபுராப், சல்ஃபோசல்ஃப்யூரான் என்று புது மருந்துகள் வந்தன. விலையும் கூட வந்தது. கூடவே, உழாமல் விதைக்கும் கருவியை மாலிக்கும் அவரோடு இருந்தவர்களும் விவசாயிகளின் வயலுக்குக் கொண்டுபோனார்கள். மண்ணைக் கிளறாவிட்டால் அடியில் கிடக்கிற புல் விதை மேலே வராது. உழவு மிச்சமாவதால் கோதுமையை முன்கூட்டியே விதைக்கலாம், புல் முளைக்கத் தோதான குளிர் வருவதற்குள் பயிர் எழுந்துவிடும். உழவு என்பதே களையை அழிக்கத்தான் என்று நம்பியிருந்த ஜாட் விவசாயிகளுக்கு இது எப்படிப்பட்ட அதிர்ச்சி என்று யோசித்துப் பாருங்கள். (சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் ஈர வயலில் உளுந்து தெளித்து, உழவே இல்லாமல் விளைவிக்கிற நம் காவிரிப் படுகைக்காரர்களுக்கு அதிர்ச்சி இருந்திருக்காது.) பெர்சீம் தீவனமோ கரும்போ சூரியகாந்தியோ மாற்றிப் போட்ட வயல்களில் தொல்லை குறைவாக இருந்ததும் தெரிந்தது. ஆனால் நெல்லுக்கும் கோதுமைக்கும் மட்டுமே அரசு கொள்முதல் உறுதியாக இருக்கும்போது, சூரியகாந்தி போடு என்று சொல்வது சுலபம். 2000களில் புது மருந்துகளுக்கும் சாகாத புல் பதிவாக ஆரம்பித்தது.

கோதுமை நமக்கெதற்கு என்று கேட்கலாம். புதுக்கோட்டைக்கு வருகிறேன்.

களையெடுப்புக்கு ஒரு காலக்கெடு உண்டு. அந்த ரெண்டு மூணு வாரத்துக்குள் எடுக்காவிட்டால் பிறகு எடுத்தும் பிரயோசனமில்லை. கூலிக்காரிக்குப் பேரம்பேசும் பலம் வருஷத்தில் சில நாட்களே கிடைக்கிறது: நடவு, களை, அறுப்பு. பக்கத்துத் தஞ்சை மண்ணில் இந்தப் பேரம் எதுவரை போனது என்பதற்கு 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேர் சாட்சி. மறு வருஷம் நியாயக்கூலிச் சட்டம் வந்தது. அதே காலத்தில்தான் ஐ.ஆர்.8 போன்ற குட்டை ரகங்களும் வந்தன. நெட்டை நெல்லின் நிழல் போய்க் களைக்கு வெளிச்சம் கிடைத்தது. அதற்கப்புறம் பூட்டாகுளோர். நட்ட மூணாம் நாளுக்குமேல், எக்டேருக்கு 50 கிலோ மணலில் கலந்து, மெல்லிய தண்ணீர் நிறுத்தி வீசவேண்டும் என்பது பரிந்துரை. ஓர் ஆம்பளை ஒரு காலைப்பொழுதில் முடிக்கிற வேலை. இருபது பெண்கள் சேர்ந்து கேட்ட கூலிக்கான பதில் ஒரு வாளி மணலுக்குள் அடங்கிவிட்டது. கூலிப் போராட்டத்தை அடக்கத்தான் மருந்தைக் கண்டுபிடித்தார்கள் என்று சதிக்கதை சொல்ல வரவில்லை. அந்த மருந்து எந்தச் சண்டைக்கு நடுவில் வந்து இறங்கியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

"களையெடுக்க ஆள் இல்ல" என்பது இன்று எல்லா வரப்பிலும் கேட்கிற சொல்லாடல். இதை நான் அப்படியே ஏற்பதில்லை. ஆள் இருக்கிறது, பழைய கூலிக்கு, பழைய மரியாதைக்குறைவோடு வர ஆள் இல்லை. 1991-92இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். ஊர்ப் பண்ணையின் வயல் மட்டுமே வேலை என்ற நிலைமையை அந்தச் சைக்கிள் கொஞ்சமாவது அசைத்தது. பிறகு திருப்பூர்ப் பக்கம் போனவர்கள். 2008க்குள் எல்லா மாவட்டங்களுக்கும் வந்துவிட்ட நூறுநாள் வேலை. நூறுநாள் வேலையால் விவசாயமே நாசமாகிவிட்டது என்று டீக்கடையில் புலம்புகிறவர்களில் நிலமில்லாதவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

ஆனால் விளைவை மறுக்க முடியாது. ஆவுடையார்கோயில், மணமேல்குடி பக்கம் மழையை நம்பிப் புழுதியில் நேரடியாக நெல்லை விதைப்பது பழைய வழக்கம். இப்போது தண்ணீரும் ஆளும் நிச்சயமில்லாத மற்ற இடங்களிலும் நேரடி விதைப்பு பரவுகிறது. நடவு தந்த இருபத்தைந்து நாள் முந்துரிமை இதில் கிடையாது. நெல்லும் புல்லும் ஒரே மழையில் ஒன்றாக முளைக்கின்றன. ஆகவே மருந்து தவிர்க்க முடியாததாகிறது. முளைத்த களைக்கு அடிக்கும் பிஸ்பைரிபாக் சோடியம் இன்று பரவலாகப் புழங்குகிறது. "வருஷா வருஷம் மருந்தை மாத்தித்தான் அடிக்கிறோம்" என்று என் சித்தப்பா சொல்கிறார். டப்பாக்களைத் திருப்பிப் பார்த்தேன். பிஸ்பைரிபாக், பைரசோசல்ஃப்யூரான், இன்னும் ஒன்றில் மெட்சல்ஃப்யூரானும் குளோரிமியூரானும் கலந்தது. பெயர் நாலு, கம்பெனி வேறு, நிறம் வேறு. எல்லாமே செடிக்குள் ஏ.எல்.எஸ். என்கிற ஒரே நொதியைத்தான் தாக்குகின்றன. நாலு பெயரில் ஒரே மருந்தை அடித்துவிட்டு மாற்றி அடித்ததாக நம்புகிறோம். உண்மையாக மாற்றுவது என்றால் தாக்குமிடத்தை மாற்றவேண்டும். அந்தத் தகவல் எந்தத் தமிழ்த் துண்டுப்பிரசுரத்திலும் விவசாயி கண்ணில் படும் அளவு எழுத்தில் இல்லை. சத்தீஸ்கரிலும் கேரளத்திலும் நெல் வயலின் வட்டக்கோரை பிஸ்பைரிபாக்குக்குச் சாகவில்லை என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கேரளம் நமக்கு மலைக்கு அந்தப் பக்கம்தான்.

கடலுக்கு அந்தப் பக்கம் இன்னும் முந்தியே நடந்துவிட்டது. இலங்கையில் நெல் பெரும்பாலும் நேரடி விதைப்பு. அங்கே புரோப்பனில் என்கிற மருந்தை வருஷக்கணக்கில் அடித்தார்கள். 1990களின் பிற்பாதியில் அதற்குச் சாகாத குதிரைவாலிப் புல் பதிவானது. நெல் புரோப்பனிலுக்குச் சாகாததற்குக் காரணம் அதனிடம் உள்ள ஒரு நொதி. புரோப்பனிலை எதிர்த்துப் பிழைக்கிற குதிரைவாலிப் புல்லில் அதே வகை நொதி மிகுந்திருப்பதை உலகின் பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். மண்டூசி கோதுமையிடம் கற்றதை இது நெல்லிடம் கற்றது.

மருந்து கைவிட்ட இடத்தில் கை திரும்பவும் தேவைப்படுகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 2005 வாக்கில் கிளைஃபோசேட்டுக்கு அடங்காத ஒரு கீரை, நம் தண்டுக்கீரைக்கு உறவுதான், பருத்திக்குள் புகுந்தது. உலகத்தின் நவீனமான விவசாயம் களைக்கொத்தும் கூலியாளுமாக வயலுக்குள் இறங்கியது. இங்கே அந்த நாள் வரும்போது கை இருக்கலாம், கண் இருக்காது. அப்பத்தாவுக்குத் தெரிந்தது அம்மாவுக்குப் பாதி தெரியும். என் தங்கச்சிக்கு நெல்லே எது என்று காட்டவேண்டும். இதை அவளது குறையாக நான் சொல்லவில்லை. அந்தப் படிப்பு நின்றதில் அவளுக்கு முதுகுவலி மிச்சம்.

இயற்கை வேளாண்மை பேசுகிறவர்களிடம் எனக்கொரு சண்டை இருப்பதும் இங்கேதான். கீரனூர்ப் பக்கம் ஓடுகம்பட்டியில் இருக்கிற கொழிஞ்சிப் பண்ணை, பெயரிலேயே ஒரு காட்டுச்செடியை வைத்திருக்கிறது. கொழிஞ்சி தானாக முளைக்கிற செடி, மடக்கி உழுதால் உரம். களை என்று எதுவுமில்லை என்ற பார்வை அழகானது, பெரும்பகுதி உண்மையும்கூட. மூடாக்கு, கோடை உழவு, ஒரு தண்ணி கட்டிக் களையை முளைக்க வைத்துப் பிறகு உழுது அழிப்பது, பயறு மாற்றிப் போடுவது எல்லாம் மருந்து எதிர்ப்புக்கும் விஞ்ஞானிகள் சொல்கிற வைத்தியம்தான். ஆனால் நெல்லுக்குள் கடைசியில் யார் குனிவது, எவ்வளவுக்குக் குனிவது என்ற கேள்வி வந்ததும் பேச்சு 'பாரம்பரியம்' பக்கம் நழுவுகிறது. பாரம்பரியத்தில் அந்த இடத்தில் குனிந்து நின்றது யார் என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல் இனிக்காது. கோனோவீடர் வந்த பல இடங்களில் அதை உருட்டுவது ஆண் வேலையாகவும், ஆண் கூலியாகவும் மாறிவிட்டதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நிமிர்ந்து செய்கிற களையெடுப்பு வந்ததும் பெண்ணிடமிருந்து கைமாறிவிட்டது!

இப்போது கதை இன்னொரு பக்கம் திரும்பியிருக்கிறது. களை பயிரைப் போலிசெய்தது போக, பயிரே மருந்துக்குச் சாகாததாக உருவாக்கப்படுகிறது. நாகினா 22 என்ற நெல்லில் இரசாயனத்தால் திடீர்மாற்றம் உண்டாக்கி, இமாஸெதபைர் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் செடி ஒன்றைக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சியாளர் எஸ். ராபின் கண்டெடுத்தார். அந்தச் செடிக்கே 'ராபின்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து அந்தக் குணத்தை எடுத்து டெல்லி ஆராய்ச்சி நிறுவனம் 2021இல் பூசா பாஸ்மதி 1979, 1985 என்ற இரண்டு ரகங்களை வெளியிட்டது. நேரடி விதைப்புக்காகவே வந்த ரகங்கள்; மரபணு மாற்றப் பயிர் என்ற கணக்கில் வராததால் தனி அனுமதியும் தேவைப்படவில்லை. இமாஸெதபைர் தாக்குவதும் அதே ஏ.எல்.எஸ். நொதியைத்தான்.

அமெரிக்காவில் இதே வகை மருந்தைத் தாங்கும் நெல் 2002இல் வந்தது. வயலில் கூடவே நிற்கிற களைநெல்லோடு அது கலந்து, மருந்துக்குச் சாகாத களைநெல் சில வருஷங்களிலேயே அங்கே பரவிவிட்டது. களைநெல் வேறு புல் அல்ல; நெல்லேதான், மணி முற்றியதும் தானே உதிர்ந்துவிடுகிற நெல். கேரளத்துக் கோள் நிலங்களில் அதை 'வரிநெல்லு' என்கிறார்கள். நம் பக்கம் விதைநெல் வயலில் வேறாகத் தெரிகிற கதிரைக் 'கலவன்' என்பார்கள். கதிர் வந்த பிறகு வயலுக்குள் நடந்து கலவன் பிடுங்குவதற்கென்று தனியாக ஆள் கூப்பிடுவார்கள், அதற்கு நல்ல கண் வேண்டும். போன தையில் சித்தப்பா கூப்பிட்டனுப்பியவர்களில் அறுபது வயதுக்குக் கீழே யாரும் இல்லை.